கரடிக்கு நெய்த பொன்னாடை

இலுப்பைக் குளத்துக் காட்டில் கருத்தான் என்ற கரடி ஒரு முயலை வளர்த்தது. முயலின் பெயர் தினை.

ஒரு மழைக்காலத்தில், குட்டியாக இருந்த தினையை நரி துரத்தியது. தினை கண்மண் தெரியாமல் ஓடிக் கரடியின் குகைக்குள் புகுந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் இருந்த கரடி, "யார்றா அது?" என்று ஓர் உறுமல் உறுமியது. வாசல் வரை வந்த நரி அப்படியே திரும்பிப் போயிற்று. மழை விட்ட பிறகும் முயல் போகவில்லை. கரடியும் போகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காடு முழுக்க ஒரே பேச்சு.

"முயலைத் தின்னாம வளர்க்குதாமே! என்ன மனசு!"

"கரடின்னா இப்படியில்ல இருக்கணும்!"

உண்மையில் அந்தக் கரடி எந்தக் காலத்திலும் முயலைத் தின்றதில்லை. கறையான், எறும்பு, தேன், இலுப்பைப் பூ, இவைதான் அதன் சாப்பாடு. வாய்க்குப் பிடிக்காத ஒன்றைத் தின்னாமல் இருப்பதில் என்ன தியாகம் என்று யாரும் கேட்கவில்லை. கரடியும் எடுத்துச் சொல்லவில்லை. புகழ்ச்சியும் தேன் மாதிரிதான். வாயில் வந்து சொட்டும்போது துப்பத் தோன்றுவதில்லை.

தினை எப்போதும் கரடியின் பின்னாலேயே சுற்றும். கரடி புற்றைத் தோண்டினால், மண் மேலே தெறிக்கத் தெறிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஓயாமல் பேசும்.

"அண்ணே, நேத்து மேட்டுப் பக்கம் ஒரு புல்லு பார்த்தேன். எவ்வளவு பெருசு தெரியுமா?"

கரடி பதில் சொல்லாது. தோண்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு காதில் விழாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் கரடி தேன் எடுக்க மருத மரத்தில் ஏறியது.

"வெயில்ல நிக்காதேடா. இப்படி நிழல்ல வந்து நில்லு" என்று தினைக்கு இடம் காட்டிவிட்டுத்தான் ஏறியது.

தேனடை ஒரு பட்டுப்போன கிளையின் நுனியில் தொங்கியது. அந்தக் கிளை தன்னைத் தாங்காது என்று கரடிக்குத் தெரியும். ஆனால் தேன் வாசனை மூக்கில் ஏறிவிட்டால், தெரிந்ததெல்லாம் மறந்துபோகிற சுபாவம் அதற்கு. கிளையில் கால் வைத்தது. கிளை படாரென்று முறிந்தது. கரடி அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கிளை நேராகத் தினையின் முதுகில் போய் விழுந்தது.

தினை ஒரே ஒரு தடவை 'வீல்' என்று கத்தியது. அதோடு சரி.

கரடி சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தது. கிளையைத் தூக்கி எறிந்தது. முயலின் முதுகு முறிந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத் துணியாகக் கிடந்தன. விலாவில் பெரிய காயம்.

"தினை! டேய் தினை!"

தினை கண்ணைத் திறந்து பார்த்தது. "நீங்க விழலையேண்ணே?" என்று கேட்டது.

கரடி அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு குகைக்கு நடந்தது. வழியில் எல்லோரும் ஓடிவந்து கேட்டார்கள்.

"என்ன ஆச்சு கரடியாரே?"

"காத்துல கிளை விழுந்துடுச்சு" என்றது கரடி.

அன்று காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் அவ்வளவு நல்ல கரடி சொல்லும்போது யார் மறுப்பார்கள்? "ஆமாமா, பாழாப்போன காத்து!" என்று எல்லோருமாகச் சேர்ந்து காற்றைத் திட்டினார்கள்.

காட்டு வைத்தியர் வாலப்பன் வந்தார். கிழட்டுக் குரங்கு. யாருக்கு என்ன நோய் என்றாலும் ஒரே பச்சிலையைத்தான் அரைப்பார். அரைக்கிற கல்லை மட்டும் மாற்றுவார்.

"கத்துச்சா?" என்று அவர் கரடியைக் கேட்டார்.

"விழுந்தப்ப ஒரு தடவை. அப்புறம் கத்தவே இல்லை."

"அப்படின்னா வலி இல்லை!" வைத்தியர் தொடையில் தட்டினார். "போன மாசம் என் வால்ல ஒரு முள் குத்திச்சு. நான் போட்ட சத்தத்துல பாறை இடுக்குல இருந்த வௌவாலெல்லாம் கலைஞ்சு பறந்துச்சு. இது மூச்சுக் காட்டலையே! ரொம்ப நல்ல அறிகுறி!"

கரடிக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு தேனீ கொட்டினால் மலை அதிரக் கத்துகிற இனம் அது. வலி என்றால் சத்தம். சத்தம் இல்லை என்றால் வலி இல்லை. கரடிகளின் உலகத்தில் இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

வைத்தியர் பச்சிலையைக் காயத்தில் அப்பி, மேலே ஒரு தேக்கிலையை வைத்துக் கட்டினார். கரடி கொடுத்த பழங்களை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

பிறகு விசாரிக்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது அடிபட்டால் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. முக்கியமாக, காயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் திரும்பினால் விசாரித்ததாகவே ஆகாது. பிற்பாடு ஒரு சண்டை சச்சரவில், "எங்க வீட்டுல விழுந்து கிடந்தப்ப எட்டிப் பார்த்தியா நீ?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஆகவே யார் வந்தாலும் கரடி அந்தத் தேக்கிலையைத் தூக்கிக் காட்டியது. காய்ந்த பச்சிலை ஒவ்வொரு தடவையும் முடியோடு பிய்ந்துகொண்டு வந்தது. மான்கள் பார்த்தன. முள்ளம்பன்றிகள் பார்த்தன. கடைசி வரிசையில் நின்றவர்கள், "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, மறைக்குது" என்றார்கள். கரடி திருப்பியது. தினை கண்ணை மூடிக்கொண்டது.

"ஐயோ, இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க!" என்றது காட்டுப்பன்றி. "எங்க பெரியப்பாவுக்குக் குடலே வெளிய வந்துடுச்சு. அப்படியே உள்ள தள்ளி விட்டாங்க. இப்ப எப்படி ஓடறார் தெரியுமா?"

"உங்க பெரியப்பா செத்துப்போயிட்டாரே?" என்றது அதன் புருஷன்.

"அது வேற! அது வயசாயி!"

வந்தவர்களில் ஒருவர்கூடத் தினையிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்களைப் பார்த்தாத்தான் மனசு கேக்கலை. எப்படித் தாங்கிக்கறீங்க?"

"இளைச்சுப் போயிட்டீங்களே கரடியாரே! நீங்க ஒழுங்காச் சாப்பிடணும்!"

கரடி தலையைக் குனிந்துகொண்டு பெருமூச்சு விட்டது. அதற்குத் துக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் பக்கத்திலேயே இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தைரியம் வரவில்லை.

வந்தவர்கள் கொண்டுவந்த பலாச்சுளைகளை வந்தவர்களின் குட்டிகளே தின்று தீர்த்துவிட்டுப் போயின.

ஒருநாள் மத்தியானம் ஊளையன் வந்தது. தினையைக் குட்டியாக இருந்தபோது துரத்திய அதே நரி.

"உள்ள வரலாமா?"

"வராதே!"

"சரி, இங்கேயே நிக்கறேன்." நரி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. "கருத்தான், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அது பிழைக்காது. இங்கிருந்தே எனக்கு வாடை அடிக்குது. நீ கையை ஓங்கி ஒரு போடு போட்டா அதுக்கு விடுதலை. உன்னால முடியலைன்னா விலகு, நான் செய்யறேன். ஒரு நொடியில முடிச்சிடுவேன். எனக்குப் பழக்கம்தான்."

"செஞ்சுட்டு?"

"செஞ்சுட்டு என்ன... வீணாக்க வேண்டாமில்லையா?"

கரடி எழுந்து நின்று உறுமியது. "கொலைகாரப் பயலே! போடா இங்கேருந்து!"

நரி நகர்ந்தபடியே திரும்பிப் பார்த்தது. "நான் செஞ்சா கொலை. நீ பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா அது கருணையா? நல்லா இருக்குப்பா உங்க நியாயம்!"

கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அது வந்த வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. எச்சிலைப் பார்த்த கரடி கேள்வியைப் பார்க்கவில்லை. அதன் பிறகு தினமும் நரி வாசலில் வந்து நின்றது. கரடி தினமும் அதை விரட்டியது. நரியை விரட்டுவதே தினைக்குச் செய்கிற பெரிய உதவி என்று அதற்குத் தோன்றிவிட்டது.

காயம் நாறத் தொடங்கியது. கரடி இலுப்பைப் பூக்களைக் கொண்டுவந்து சுற்றிலும் பரப்பியது. எறும்புகள் வரிசையாக வந்தன. கரடி அவற்றை நக்கி நக்கி எடுத்தது. வாழ்நாளெல்லாம் எறும்பு தின்ற அந்த வாய்க்கு முதல்முறையாகக் குமட்டியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரு காலை வேளையில், தினை படுத்திருந்த மூலையிலிருந்து நறநற, நறநற என்று வந்தது. கரடி காதை நிமிர்த்தியது. பக்கத்தில் போய்ப் பார்த்தது. தினையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. எதிரே அருகம்புல் கிடந்தது.

கரடி குதித்துக்கொண்டு வெளியே ஓடியது. "மெல்லுது! தினை மெல்லுது! பசி வந்துடுச்சு!"

வைத்தியர் வாலப்பன் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். காதைக் குவித்துக் கேட்டார். "நான் சொல்லலை? என் பச்சிலை! இனிமே கவலையே இல்லை. அடுத்த மழைக்குள்ள ஓட ஆரம்பிச்சிடும்!"

சேதி குளக்கரைக்குப் போயிற்று. குளத்துச் சபைத் தலைவர் நெடுங்காலனார் என்ற கொக்கு. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, உயிர்களிடத்தில் அன்பு செலுத்துவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். நடுநடுவே குனிந்து ஒரு மீனைக் கொத்திக்கொள்வார். பேச்சு தடைபடாது.

அவரே குகைக்கு நேரில் வந்தார்.

"கரடியாரே! தங்கள் அருள் உள்ளம் இந்தக் காட்டுக்கே ஒளி விளக்கு! வரும் பௌர்ணமியன்று மாலை குளக்கரையில் தங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கச் சபை முடிவு செய்திருக்கிறது. 'கருணைக் கடல்' என்ற பட்டம் வழங்குகிறோம்! தூக்கணாங்குருவிகள் பொன்னாடை நெய்துகொண்டிருக்கின்றன!"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்றது கரடி. சொல்லும்போதே அதன் காதுகள் சூடாயின.

"ஒரே ஒரு வேண்டுகோள். முயல் கட்டாயம் மேடைக்கு வர வேண்டும். முயல் இல்லாமல் கருணையை எப்படிக் காட்டுவது? அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

விழாவுக்கு முதல் நாள் கரடி புதிதாக அருகம்புல் பறித்து வந்தது. பழைய புல்லை அள்ளி அப்புறப்படுத்தப் போனது. அள்ளிய கை அப்படியே நின்றது. வைத்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் காய்ந்து கிடந்தது. ஒரு நுனிகூடக் கடிபட்டிருக்கவில்லை.

நறநற, நறநற.

"தினை, என்னடா மெல்றே?"

சத்தம் நின்றது. "ஒண்ணும் மெல்லலைண்ணே."

"பின்ன என்ன சத்தம்?"

"பல்லுதான். எங்க இனத்துல வலிச்சா கத்தமாட்டோம்ணே. கத்தினா நரி வந்துடும்னு அம்மா சொல்லியிருக்கு. பல்லைக் கடிச்சுக்குவோம்."

கரடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. காய்ந்த புல் அதன் மடியெல்லாம் சிதறியது.

"அப்ப இத்தனை நாளும்...?"

"ம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க வெளிய போய் எல்லார்கிட்டயும் அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

தினை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது.

"அண்ணே, நரி அன்னைக்கு வாசல்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அது கையால வேண்டாம். பயமா இருக்கு. நீங்க செய்யறீங்களா? போதும்ணே."

கரடி வாயைத் திறந்தது. அதன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நாளைக்கு விழா இருக்கேடா..."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"சரிண்ணே" என்றது தினை. கோபமாகச் சொல்லவில்லை. "நாளைக்கு வரைக்கும் கடிச்சுக்கறேன்."

அப்போதே செய்திருக்கலாம். கரடி செய்யவில்லை. ஒரு நாள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. சபையார் ஏமாந்து போவார்களே என்று நினைத்தது. குருவிகள் பாடுபட்டு நெய்திருக்கின்றனவே என்றுகூட நினைத்தது. ஒரு நாள் என்பது யாருக்கு எவ்வளவு நீளம் என்று மட்டும் அது நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை குளக்கரையில் நிற்க இடமில்லை. தினையை ஒரு வாழையிலையில் கிடத்தி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நெடுங்காலனார் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். அவர் அலகு ஓரத்தில் ஒரு தவளையின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பெரியோர்களே! தாய்மார்களே! அன்பு என்றால் என்ன? கருணை என்றால் என்ன? இதோ, அந்தக் கருணை கரடி வடிவம் எடுத்து நம் முன்னே அமர்ந்திருக்கிறது!"

கைதட்டல்.

வைத்தியர் வாலப்பன் மேடையில் தாவி ஏறினார். "எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க! என் மருந்தோட மகிமையை நீங்களே காதால கேளுங்க!" என்று சொல்லித் தேக்கிலையைப் பிய்த்துத் தூக்கினார்.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது.

நறநற, நறநற.

"மெல்லுது! மெல்லுது!" கூட்டம் ஆரவாரம் செய்தது. நெடுங்காலனார் பொன்னாடையை விரித்துக் கரடியின் தோளில் போர்த்தத் தொடங்கினார்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை!" என்று ஒரு குரல் கத்தியது. "இன்னொரு தடவை!"

வைத்தியர் இலையை மறுபடி அழுத்தி வைத்தார். மறுபடி பிய்த்தார்.

நறநறநறநற.

இந்தத் தடவை கடைசி வரிசைக்கும் கேட்டது. கைதட்டல் குளத்தைத் தாண்டிப் போயிற்று. தினை தலையைத் திருப்பிக் கரடியைப் பார்த்தது. அதன் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எப்போது முடியும் என்று கேட்கிற பார்வை மட்டும்தான்.

"நிறுத்துங்க!"

கரடி போட்ட சத்தத்தில் வைத்தியர் மேடையிலிருந்து கீழே விழுந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது.

"அது மெல்லலை. வலி தாங்காம பல்லைக் கடிக்குது. நீங்க கைதட்டினீங்களே, அது அதுக்குத்தான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். காத்துல கிளை விழலை. நான்தான் முறிச்சேன். தேனுக்கு ஆசைப்பட்டு முறிச்சேன். அதை அங்க நிக்கச் சொன்னதும் நான்தான். அது செத்துப்போனா நான் கொன்னதா ஆயிடுமேன்னுதான் இத்தனை நாள் அதைச் சாக விடலை. அதுக்காக இல்லை, எனக்காக." கரடி தினையின் பக்கம் குனிந்தது. "இப்ப நான் இதை முடிச்சு வைக்கப் போறேன். யாராவது கூட வாங்க. தலையைக் கொஞ்சம் தடவிக் குடுத்தாப் போதும்."

"சிவ சிவா! என்ன பாதகம்!" நெடுங்காலனார் இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். "உயிரைக் கொடுத்தவனுக்கன்றோ அதை எடுக்கும் உரிமை! எடுக்க நீ யார்?"

அவர் தொண்டைக்குள்ளிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் அவசரமாக ஒரு தடவை விழுங்கிக்கொண்டார்.

"என் மருந்து வேலை செய்ய ஆரம்பிச்ச நேரத்துல இப்படியா பண்ணுவாங்க?" என்றார் வைத்தியர் கீழே கிடந்தபடி.

"எங்க பெரியப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தது காட்டுப்பன்றி.

"வேண்டாம்னு சொல்ல இத்தனை பேர் இருக்கீங்க" என்றது கரடி. "பக்கத்துல வந்து உக்கார ஒருத்தர் இல்லையா?"

மான்கள் குனிந்து குளம்புகளைப் பார்த்தன. முள்ளம்பன்றிக்கு வீட்டு ஞாபகம் வந்தது. நரி மட்டும் ஓர் அடி முன்னால் வந்து, கரடியின் கண்ணைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போயிற்று.

கரடி தினையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கூட்டம் வழிவிட்டது.

மேட்டுப் பக்கம் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இங்க வைங்கண்ணே" என்றது தினை. "இதுதான் அந்தப் புல்லு. அன்னைக்குச் சொன்னேனே."

கரடி அதைப் புல் மேல் மெதுவாகக் கிடத்தியது. இடக் கையால் அதன் காதுகளைத் தடவிக் கொடுத்தது.

"வலிக்குமாண்ணே?"

"தெரியலைடா. சட்டுனு முடிஞ்சிடும்னு நினைக்கறேன்."

"சரி."

"நீ பேசிக்கிட்டே இரு. அந்தப் புல்லைப் பத்திச் சொல்லு. எவ்வளவு பெருசுடா?"

தினைக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை காலத்தில் அண்ணன் திரும்பக் கேட்டது இதுதான் முதல் தடவை. "உங்க கை நீளம் இருக்கும்ணே! நுனியில பார்த்தா சின்னதா, வெள்ளையா, ஒரு..."

கரடி வலக் கையை ஓங்கிக் கீழே இறக்கியது.

வெள்ளையாக என்ன இருந்தது என்று கரடிக்குக் கடைசி வரை தெரியவில்லை. வெகுநேரம் அது புல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கரடியின் குகைக்கு யாரும் வரவில்லை. "முயலைக் கொன்ன கரடி" என்று அம்மாக்கள் குட்டிகளுக்குக் காட்டினார்கள். "நமக்கு அப்பவே தெரியும். அது மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா?" என்றது காட்டுப்பன்றி. வைத்தியர், முயல் ஓடத் தொடங்குகிற சமயத்தில் கரடி அதை அடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நெய்த பொன்னாடையை என்ன செய்வது என்று சபை கூடி யோசித்தது. வீணாக்குவதற்கு மனம் வரவில்லை. கடைசியில், அடிபட்ட முயலின் வாசலில் தினமும் நின்றும் அதன் மேல் ஒரு பல்கூடப் படாமல் பொறுமை காத்த ஊளையனுக்கே 'கருணைக் கடல்' பட்டத்தைக் கொடுப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. நெடுங்காலனார் அதே சொற்பொழிவைத் திரும்பவும் ஆற்றினார். 'கரடி' என்ற இடத்தில் 'நரி' என்று மட்டும் மாற்றிக்கொண்டார்.

விழா முடிந்ததும் நரி பொன்னாடையோடு நேராக மேட்டுக்கு வந்தது. தினையைப் புதைத்த இடத்தின் மேல் கரடி உட்கார்ந்திருந்தது.

"இன்னும் எழுந்திருக்கலையா?" என்றது நரி.

"நீ போற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன்."

நரி சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. பொன்னாடை அழுக்காகாமல் சரி செய்துகொண்டது. "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நான் சொன்னது சரிதானே?"

கரடி யோசித்தது. "சரிதான். அன்னைக்கே செஞ்சிருக்கணும். நீ சொன்னதால செய்யலை. நீ அதோட நல்லதுக்காகச் சொல்லலை. உனக்குப் பசி."

"ஆமா, எனக்குப் பசி. நான் மறைக்கலையே" என்றது நரி. "உனக்குப் பசி இல்லையா, கருத்தான்?"

"நான் முயல் திங்கறதில்லைன்னு உனக்கே தெரியும்."

"நான் முயலைச் சொல்லலை" என்றபடி நரி தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டது.

கரடி அந்தப் பொன்னாடையைப் பார்த்தது. நன்றாகத்தான் நெய்திருந்தார்கள். தன் தோளுக்கு அளவெடுத்து நெய்தது என்பதால் நரிக்கு அது தரையில் புரண்டது. புல்லின் மேல் காற்று வீசியது. நரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பசியோடு எழுந்து போயிற்று. கரடி எழுந்திருக்கவில்லை.

அன்பு வைத்த உயிருக்காகக் கெட்ட பெயரையும் வாங்கிக்கொள்ளத் துணியாதவரை, நாம் காட்டும் கருணையெல்லாம் நமக்கு நாமே போர்த்திக்கொள்ளும் பொன்னாடைதான்.